முதன்முதலாகத் துப்பாக்கி பிடிக்கிறவர்கள் – ஒரு சின்ன வரலாறு



போன கட்டுரையைப் படித்துவிட்டு வகுப்புத் தோழன் ஒருவன், "அடுத்து என்ன, கோட்டை கொத்தளமா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கோட்டை இல்லை, துப்பாக்கி. அதிலும் போர்த் துப்பாக்கி இல்லை. விளையாட்டுக்குச் சுடும் துப்பாக்கி. இதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒரு ஆள், யாருக்கும் ஆபத்து இல்லாமல் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொள்வது எப்போது ஆரம்பித்தது? நம் நாட்டுக்கு எப்படி வந்தது? ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி, திருவிழாவில் பலூன் சுடும் கடையில் இருப்பதுதான். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுத்தால் சில குண்டுகள். கடைக்காரர் குண்டைப் போட்டு, மடக்கி, கையில் கொடுத்துவிடுவார். எப்படிப் பிடிப்பது, குழாயை எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற தம்பி பக்கமே குழாயைத் திருப்பி, "அண்ணே, இது சுடவே மாட்டேங்குது" என்று கேட்கிற பையன்களையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடையில் இல்லாத அந்த ஐந்து நிமிடப் பாடம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை

எங்கள் ஊர் அகரம். தாடிக்கொம்பு பக்கத்தில், திண்டுக்கல் சமவெளியில் இருக்கிறது. திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் துப்பாக்கி வரலாற்றிலும் திண்டுக்கல்லுக்கு ஒரு இடம் உண்டு. 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி இங்கே வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஒரு ஆயுதசாலை அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயர்களை நடுங்க வைத்த மைசூர்ப் படையின் நவீனப் பயிற்சிக்கு ஒரு தொடக்கம் இந்த மலைக்கோட்டை நிழலில்தான் நடந்தது.

அதன்பின் கம்பெனி ஆட்சி. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களை ஒன்றுசேர்த்துக் கம்பெனியை எதிர்த்தார். 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குச் சீமைப் பாளையங்களில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஏந்திச் செல்லக் கூடாது என்பது அதன் சாரம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நம்ம ஆட்களுக்கு ஏன் துப்பாக்கி சுடும் விளையாட்டே தெரியவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நாம் விரும்பாததால் அல்ல. நம் கையில் இருந்து பிடுங்கப்பட்டதால்.

ராணி சுட்ட முதல் குண்டு

இங்கே பிடுங்கிக்கொண்டிருந்த அதே பிரிட்டனில் என்ன நடந்தது தெரியுமா? சாதாரண மக்களைக் கூப்பிட்டுச் சுடக் கற்றுக்கொடுத்தார்கள்!

1859இல் பிரான்ஸ் படையெடுத்து வந்துவிடுமோ என்ற பயத்தில் கடைக்காரர், குமாஸ்தா, வக்கீல் என்று பலரும் தொண்டர் படைகளில் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் குறிபார்க்கச் சொல்லித்தர தேசிய ரைபிள் சங்கம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் போட்டி 1860 ஜூலை 2ஆம் தேதி லண்டன் அருகே விம்பிள்டனில் நடந்தது. ஆம், இப்போது டென்னிஸ் நடக்கும் அதே விம்பிள்டன் பகுதிதான்.

முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. அவர் முன்பின் பழக்கமில்லாதவர். அதனால் பொறியாளர் ஜோசப் விட்வர்த் தன்னுடைய ரைபிளை ஒரு இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, குறியையும் முன்கூட்டியே சரிசெய்து வைத்திருந்தார். விசையோடு கட்டிய பட்டுக் கயிற்றை ராணி இழுத்தார், அவ்வளவுதான். 400 கெஜம் தூரத்தில் இருந்த இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிக் குண்டு பாய்ந்தது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், புதிதாகச் சுடுகிறவர்களுக்கான பயிற்சியின் அடிப்படையே இதில் இருக்கிறது. துப்பாக்கி அசையக் கூடாது, குழாய் இலக்கை விட்டு வேறு பக்கம் திரும்பக் கூடாது, விசையை மெதுவாக இழுக்க வேண்டும். இன்றும் முதல்முறை சுடுபவரைக் குப்புறப் படுக்க வைத்து, துப்பாக்கியை மணல் மூட்டை மேல் தாங்கிப் பிடிக்கச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்நாட்டுப் போரில் தங்கள் வீரர்களுக்குக் குறிபார்க்கவே தெரியவில்லை என்று நொந்துபோன வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்ற இரண்டு அதிகாரிகள் 1871இல் அங்கே தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று அரசியல் சண்டைகளில் அடிபடும் அந்தச் சங்கம், தொடங்கியபோது ஒரு பயிற்சிப் பள்ளி மாதிரிதான் இருந்தது.

சின்னத் துப்பாக்கி வந்தது

ஆனால் போர் ரைபிளை வைத்துப் புதியவர்களுக்குச் சொல்லித்தருவது கஷ்டம். சத்தம் அதிகம், தோளில் உதைக்கும், குண்டு விலை அதிகம், நீளமான மைதானம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் குறிபார்ப்பதில் திணறியதைக் கண்ட ராபர்ட்ஸ் பிரபு (இவர் 1881 முதல் 1885 வரை நம்ம சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்தவர்) தொழிலாளர்களுக்கான ரைபிள் சங்கங்களை ஆதரித்தார். 1901இல் அதற்கென்று ஒரு அமைப்பே உருவானது. பயன்படுத்தியது .22 என்ற சிறிய தோட்டா. உதை கிடையாது, விலை மலிவு, கட்டடத்துக்குள்ளேயே சுடலாம். ஆலையில் வேலை பார்ப்பவர் சாயங்காலம் வந்து சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். துப்பாக்கி சுடுதல் சாமானியனின் பொழுதுபோக்கானது இங்கேதான்.

அதே காலத்தில்தான் பாதுகாப்பைப் பற்றிய பேச்சும் வீட்டுக்குள் வந்தது. 1902இல் மார்க் பியூஃபாய் என்ற ஆங்கிலேயர், தன் மகனுக்கு முதல் துப்பாக்கி கொடுக்கும்போது கூடவே ஒரு அறிவுரைக் கவிதையும் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கியை மனிதர் பக்கம் திருப்பாதே என்பதுதான் அதன் மையம். நூறு வருடம் தாண்டியும் இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருகிறார்கள்.

இன்னொரு பக்கம் வேட்டை. 1900 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது! ஆனால் அதற்கு முன்பே, 1880இல் அமெரிக்காவின் ஜார்ஜ் லிகாவ்ஸ்கி களிமண்ணால் தட்டு செய்து, அதை வீசும் கருவியையும் உருவாக்கியிருந்தார். இன்று டிராப், ஸ்கீட் போட்டிகளில் பறப்பது தட்டுதான். பேர் மட்டும் இன்னும் 'களிமண் புறா'.

இங்கே என்ன நிலைமை?

இந்தியாவில் 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்கு! இந்த அவமானம் படித்த இந்தியர்களை ரொம்பவே சுட்டது. 1887இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைப் பட்டியலிலும், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

ஆனால் சுதந்திரம் வந்தபின் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கேட்டபோது (1948) சபை ஏற்கவில்லை. பிரிவினைக் கலவர ரத்தம் காயாத நேரம் அது. துப்பாக்கி என்பது உரிமை இல்லை, உரிமம் என்று நாடு முடிவெடுத்தது. என் கருத்தில் அது சரியான முடிவு. பல நாடுகளின் செய்திகளைப் பார்க்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: குடகு. கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலம் முதல் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அவர்களுடைய கைல்போள்து பண்டிகையில், நாம் ஆயுத பூஜைக்குச் செய்வது போலத் துப்பாக்கிகளுக்குப் பூ வைத்துப் பூஜை செய்வார்கள். பிறகு தென்னை மர உச்சியில் இருக்கும் தேங்காயைச் சுடும் போட்டி நடக்கும். துப்பாக்கி பிடுங்கப்படாத இடத்தில் அது எப்படி விளையாட்டாக, சடங்காக வளர்ந்தது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

மற்ற இடங்களில் 'பொழுதுபோக்குக்குச் சுடுவது' என்றால் துரைகளும் ராஜாக்களும் ஆடிய வேட்டைதான். நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879லேயே சட்டம் போட வேண்டிய அளவுக்குச் சுட்டுத் தள்ளினார்கள். கடைசியில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டது. (திண்டுக்கல் பூட்டு மாதிரி நல்ல பூட்டு :-))

முதல் பாடம் எங்கே கிடைத்தது?

சாதாரண இந்திய மாணவனுக்கு முதல் துப்பாக்கிப் பாடம் கிடைத்தது என்.சி.சி.யில்தான். எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. 1949இல் பெண்கள் பிரிவும் வந்தது. காக்கிச் சட்டை, பரேடு, அப்புறம் முகாமில் ஒருநாள் .22 ரைபிள். படுத்த நிலையில், 25 மீட்டர் தூரத்தில் இலக்கு. இந்தி கட்டளைகள் புரியாவிட்டாலும் 'காலி கர்' என்றால் துப்பாக்கியைக் காலி செய், 'ஜாஞ்ச் சஸ்திர' என்றால் குழாய்க்குள் எதுவும் இல்லை என்று காட்டு என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

முதல்முறை சுடுபவரிடம் "நடுவில் அடி" என்று யாரும் சொல்வதில்லை. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதற்குக் 'குரூப்பிங்' என்று பெயர். ஐந்தும் மூலையில் விழுந்தாலும் பரவாயில்லை, நெருக்கமாக விழுந்தால் அவர் ஒரே மாதிரி சுடுகிறார் என்று அர்த்தம். குறியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஒன்று நடுவில், மற்ற நான்கு நான்கு திசையில் என்றால் அந்த நடுக்குண்டு வெறும் அதிர்ஷ்டம். எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த தத்துவம் இதுதான். பரீட்சைக்கும் பொருந்தும்!

பொதுமக்களுக்கான அமைப்பு 1951இல் வந்தது. நாடாளுமன்ற சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் முதல் தலைவராக, இந்திய தேசிய ரைபிள் சங்கம் தொடங்கப்பட்டது. ராணுவத் தளபதியோ மகாராஜாவோ இல்லை. சபையில் "உட்காருங்கள், முறைப்படி பேசுங்கள்" என்று சொல்லுகிற மனிதர். துப்பாக்கி விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைவர் கிடைத்திருக்க மாட்டார். அவர் பெயரில் நடக்கும் மாவ்லங்கர் போட்டிதான் புதியவர்கள் பலருக்கும் தேசியப் போட்டிக்கான படிக்கட்டு.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியர்கள் சுட்டார்கள். பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 1962 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். ஆனாலும் இது இன்னும் ராஜா வீட்டு விளையாட்டாகவே இருந்தது. அதை மாற்றியது காற்றுத் துப்பாக்கி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சேர்க்கப்பட்டது. வெடிமருந்து இல்லை, அழுத்தப்பட்ட காற்றுதான். 4.5 மி.மீ. ஈயக் குண்டு. ஒரு பெரிய அறை போதும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், ஒரு பேனா முனைப் புள்ளி அளவு! 2008 ஆகஸ்ட் 11ஆம் தேதி பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றபோது, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் இந்தப் போட்டியில்தான் வந்தது.

தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் ஏர் ரைபிள் சுட்டார். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் கலந்துகொண்டார்.

நான்கு விதிகள்

உலகம் முழுக்க இன்று முதல் வகுப்பில் சொல்லித்தரும் விதிகளை நான்கில் அடக்கலாம். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் இவற்றைப் பிரபலமாக்கினார்.

1. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினைக்க வேண்டும். "காலிதான்" என்று இன்னொருவர் சொன்னாலும் நாமே திறந்து பார்க்க வேண்டும்.

2. குழாய் எப்போதும் ஆபத்தில்லாத பக்கமே இருக்க வேண்டும். யாராவது தோளைத் தட்டினால் தலை மட்டும் திரும்ப வேண்டும், துப்பாக்கி திரும்பக் கூடாது.

3. குறிபார்த்துச் சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். தடுக்கி விழும்போது கை தானாக இறுகும். விரல் உள்ளே இருந்தால் வெடித்துவிடும்.

4. இலக்கு என்ன, இலக்குக்குப் பின்னால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சின்ன .22 தோட்டாகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்.

இவற்றோடு காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குண்டு ஈயம், அந்தக் கையோடு பஜ்ஜி சாப்பிடக் கூடாது.

இதில் அழகு என்னவென்றால், ஒன்றை மறந்தாலும் மற்றவை காப்பாற்றும். காலி என்று நினைத்தது வெடித்தாலும், குழாய் மண்மேட்டைப் பார்த்து இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நான்காவது விதியில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் மூன்றும் சுடுபவர் கையில் இருக்கின்றன. நான்காவது, சுடும் இடத்தை அமைத்தவர் கையில் இருக்கிறது.

2021 டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில் உள்ள துப்பாக்கிச் சுடுதளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. சில நாள் உயிருக்குப் போராடி, 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்தான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். சிறுவன் துப்பாக்கியைப் பார்க்கக்கூட இல்லை. அவன் செய்த ஒரே காரியம், தன் வீட்டில் இருந்தது.

பாதுகாப்பு என்பது புதியவர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை என்று இதைவிட வலியாக யாரும் சொல்ல முடியாது. சுடுதளத்தின் பின்னால் மண்மேடு எவ்வளவு உயரம், பக்கச் சுவர் இருக்கிறதா, எதிரே ஊர் இருக்கிறதா, சிவப்புக் கொடி ஏற்றியிருக்கிறதா என்பதெல்லாம் அலங்காரம் இல்லை. அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவருக்கும், விளையாடும் பிள்ளைக்கும் அதுதான் உயிர்.

இன்றைய சட்டம்

1959 ஆயுதச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. 2016 ஆயுத விதிகள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சேர்த்தன. உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பத்திரமாக வைப்பது, எடுத்துச் செல்வது, குழந்தைகளிடமிருந்து காப்பது எல்லாம் அதில் அடக்கம். 21 வயது ஆகாதவர்கள் சொந்தமாகத் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் விதிகளுக்கு உட்பட்டு, மேற்பார்வையில் பயிற்சி பெறலாம். 4.5 மி.மீ.க்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக அது பொம்மை இல்லை. கண்ணில் பட்டால் கண் போய்விடும். குருவி, அணிலைச் சுடுவது விளையாட்டும் இல்லை.

ஆசை இருந்தால் செய்ய வேண்டியது எளிது. கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்புக்குப் போங்கள். போட்டிக்கான ஏர் ரைபிள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போகும், அதனால் எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம். கிளப் துப்பாக்கியில் தொடங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் உங்கள் கையில் துப்பாக்கியைத் திணித்து உடனே சுடச் சொல்கிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். முதலில் விதிகளைச் சொல்லி, காலித் துப்பாக்கியில் பிடிக்கப் பழக்கி, அதன்பிறகே குண்டு தருகிற இடம்தான் நல்ல இடம்.

1801இல் ஒரு பிரகடனம் நம் பக்கத்து மக்களின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கியது, பயத்தினால். இன்று ஒரு கிராமத்துப் பிள்ளை கையில் அது திரும்ப வருமானால், ஒழுக்கத்தோடு வர வேண்டும். சுடுதளத்தின் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் நிம்மதியாகத் தூங்கும்படி வர வேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் கஷ்டமானது. ஆனால் அது இல்லாவிட்டால் அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை.

அடுத்த கட்டுரையில் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.